துவர்க்காத சிவப்பு: இத்தாலியின் லேசான ஒயின்களை எப்படித் தேடுவது, எப்படிக் குடிப்பது?

கேள்வி இதுதான்: மிலானுக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது, வெள்ளை ஒயின் பழகிவிட்டது, சிவப்பில் கியான்டி பரவாயில்லை, ஆனால் ஒரு விருந்தில் ஊற்றிய பரோலோ வெளிறிய செங்கல் நிறத்தில் இருந்ததால் லேசாக இருக்கும் என்று நம்பி ஒரு மடக்கு குடித்தேன், ஈறு முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டது. லேசான இத்தாலியச் சிவப்பு ஒயினைப் பாட்டிலைத் திறக்காமலே கண்டுபிடிக்க வழி உண்டா, வாங்கிய பிறகு அதை எப்படிக் குடிப்பது?

வழி உண்டு. நான் வெரோனா பக்கம் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அதில் ஐந்து வருடம் ஒரு ஒயின் கடையில் பெட்டி தூக்கி, அடுக்கி, பிறகு மெல்ல விற்கவும் கற்றுக்கொண்டவன். கடைக்கு வருகிறவர்கள் அதிகம் ஏமாறுவது உங்களைப் போலத்தான், நிறத்தைப் பார்த்து. எனவே முதலில் அதைப் பேசிவிடுவோம்.

திராட்சையின் சிவப்பு தோலில் இருக்கிறது. துவர்ப்பு தோலிலும் இருக்கிறது, கொட்டையிலும் இருக்கிறது. இரண்டும் ஒரே அளவில் வர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பரோலோவுக்கான நெபியோலோ திராட்சையில் நிறம் குறைவு, துவர்ப்பு எக்கச்சக்கம். அதனால்தான் அந்த ஒயினைச் சந்தைக்கு விடும் முன் குறைந்தது 38 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று விதியே போட்டிருக்கிறார்கள், அதற்குப் பிறகும் பல பாட்டில்கள் பத்து வருடம் கழித்துத்தான் நம் வாயோடு சமாதானத்துக்கு வருகின்றன. இதற்கு நேர் எதிர், பரோலோ விளையும் அதே வடமேற்குப் பகுதியான பியெமான்டேயின் பார்பெரா. கண்ணுக்கு மை போலக் கறுப்பு, ஆனால் துவர்ப்பு மிகக் குறைவு, புளிப்புதான் தூக்கல். கண்ணை நம்பி வாங்கினால் இரண்டிலும் தோற்போம்.

துவர்ப்பு விஷயத்தில் தமிழ்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒயின் வகுப்புகளில் இதைப் புரியவைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். தேநீரைக் கொதிக்கவிட்டுக் குடிக்கச் சொல்வார்கள், திராட்சைக் கொட்டையைக் கடிக்கச் சொல்வார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே அது இருக்கிறது. நாவல்பழம், பிஞ்சு வாழைக்காய், கொட்டைப்பாக்கு, இவற்றைக் கடித்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு துவர்ப்புப் பொருள் ஒட்டிக்கொள்கிறது, எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது, நாக்கு சொரசொரக்கிறது, அவ்வளவுதான் விஷயம். புளிப்பு இதற்கு நேர்மாறாக வாயில் நீர் ஊற வைக்கும். ஒரு மடக்கு விழுங்கிய பிறகு நாக்கின் நுனியால் மேல்வரிசைப் பற்களுக்கு மேலே ஈறைத் தடவிப் பாருங்கள்: வழுக்கினால் துவர்ப்பு குறைவு, இழுத்தால் அதிகம். தொண்டையில் சூடு ஏறினால் ஆல்கஹால் அதிகம். கன்னத்தின் உள்பக்கம் நீர் சுரந்தால் புளிப்பு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் போதும், மற்றபடி வயலட் பூ வாசம், ஈரக் கல் வாசம் என்று பின்லேபிளில் எழுதியிருப்பதெல்லாம் மெல்ல வரட்டும்.

ஆக நான் லேசான சிவப்பு என்று சொல்வது துவர்ப்பு குறைந்தது, ஆல்கஹால் 13 சதவீதத்தைத் தாண்டாதது, புளிப்பு இருப்பது. நிறம் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும்.

நான் முதலில் கையில் எடுத்துக் கொடுப்பது ஸ்கியாவா. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து வெரோனாவுக்கு ரயில் ஏறி, அங்கே வடக்கே போகும் ரயிலுக்கு மாறினால் போல்சானோ வரும், ஆல்ப்ஸின் தென்சரிவு. முதல் உலகப் போர் முடியும் வரை அந்தப் பகுதி ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்தது, இன்றும் பெரும்பாலானோர் வீட்டில் ஜெர்மன்தான் பேசுகிறார்கள், அதனால் லேபிளில் இரண்டு பெயரும் வரும்: இத்தாலியனில் ஸ்கியாவா, ஜெர்மனில் ஃபெர்னாட்ச். சில பாட்டில்களில் திராட்சையின் பெயரே இருக்காது, ஊரின் பெயர்தான் இருக்கும். சாந்தா மத்தலேனா, அல்லது ஜெர்மனில் ஸாங்ட் மக்தலேனர் என்று இருந்தால் போல்சானோவை ஒட்டிய குன்றின் ஒயின், அதில் லாக்ரைன் என்ற கறுத்த திராட்சையைக் கொஞ்சம் சேர்ப்பார்கள், எனவே ஒரு பிடி கூடுதல் திடம். லாகோ தி கல்தாரோ அல்லது கால்டரர்ஸே என்று இருந்தால் அருகிலுள்ள ஏரிப் பக்கத்தது, இன்னும் மெல்லியது.

அந்தக் குன்றுக்கு ஒரு செப்டம்பர் கடைசியில் அறுவடைக்கு உதவப் போயிருந்தேன். இத்தாலியில் திராட்சையைப் பெரும்பாலும் கம்பி கட்டி வேலி மாதிரிதான் வளர்ப்பார்கள், இங்கே அப்படி இல்லை, மரச்சட்டம் போட்டுப் பந்தல். நம் ஊர்ப் புடலங்காய்ப் பந்தல் மாதிரியே, ஆனால் சரிவான மலையில், ஒரு பக்கம் தூக்கி நிற்கும். குனிந்து உள்ளே போனால் இலைக்கூரைக்குக் கீழே பச்சை வெளிச்சம், கொத்துகள் நெற்றியில் இடிக்கின்றன, முழங்கை நீளக் கொத்துகள், பெரிய பழங்கள், தோல் மெல்லியது. ஒன்றைப் பறித்து வாயில் போட்டால் சாறு வந்துவிடுகிறது, தோலும் கரைந்துவிடுகிறது, மெல்ல ஒன்றும் மிச்சமில்லை. அப்போதே அந்த ஒயின் ஏன் துவர்க்காது என்பது புரிந்துவிட்டது. பழம் பெரிதாக இருந்தால் சாறு அதிகம், அதன் கணக்குக்குத் தோல் குறைவு.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்கியாவா ஒரே திராட்சை இல்லை, அது ஒரு குடும்பப் பெயர். அதில் பெரிய பழம் உள்ள வகைக்கு ஸ்கியாவா குரோஸா என்று பெயர், ஜெர்மனியில் அதையே ட்ராலிங்கர் என்பார்கள், இங்கிலாந்தில் பிளாக் ஹாம்பர்க். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு இன்னும் காய்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற கொடி இதுதான். இந்தத் திராட்சை வகையை அலெக்சாந்திரியா மஸ்கட்டோடு 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கலப்பினம் செய்து பிறந்ததுதான் மஸ்கட் ஹாம்பர்க். அந்த மஸ்கட் ஹாம்பர்க் யார் தெரியுமா? தேனி மாவட்டத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டு வளர்க்கிறார்களே, 2023இல் புவிசார் குறியீடுகூட வாங்கிய பன்னீர் திராட்சை, அதேதான். போல்சானோ பந்தலுக்குக் கீழே நான் மென்றது நம் பன்னீர் திராட்சையின் பெற்றோர் வழி உறவு. ரோஜா வாசம்தான் இதில் இல்லை, அது மஸ்கட் பக்கத்திலிருந்து வந்த சொத்து.

ஒயினாக ஊற்றினால் வெளிறிய மாணிக்க நிறம். கிளாஸுக்குப் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்தைப் படித்துவிடலாம். வாசத்தில் ஸ்ட்ராபெரி, கொஞ்சம் பஞ்சு மிட்டாய், விழுங்கிய பிறகு வாயின் பின்பக்கம் பாதாம்பருப்பின் தோல் கடித்தது போல மிக மெல்லிய கசப்பு. அந்தக் கசப்பைக் குறை என்று நினைக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் இந்த ஒயின் வெறும் பழரசமாகிவிடும். ஒரு காலத்தில் அந்த மாகாணத்துத் தோட்டங்களில் பாதிக்கு மேல் இந்தக் கொடிதான் இருந்தது, கணக்கில்லாமல் காய்க்கவிட்டு, நீர்த்த ஒயினாக்கி, மலிவாக விற்றுப் பெயரைக் கெடுத்துக்கொண்டார்கள், பிறகு பலர் பிடுங்கிவிட்டு வேறு நட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பவை பெரும்பாலும் நல்ல சரிவில் நிற்கும் பழைய கொடிகள், வைத்திருப்பவர்களும் பிடிவாதக்காரர்கள். எனவே இப்போது கிடைக்கும் ஸ்கியாவா முன்னைவிட நன்றாகவே இருக்கிறது, விலை மட்டும் இன்னும் பழைய கெட்ட பெயரின் கணக்கில் ஓடுகிறது. நமக்கு லாபம்.

அடுத்தது தெற்குக் கோடி. சிசிலி என்றாலே வெயில், வெயில் என்றாலே கனத்த ஒயின் என்று கணக்குப் போடுவோம், ஆனால் தீவின் தென்கிழக்கில் வித்தோரியா என்ற ஊர்ப் பக்கம் ஃப்ராப்பாத்தோ என்று ஒரு திராட்சை. 1607இல் உருவான ஊர் அது, உருவாக்கிய சீமாட்டியின் பெயரையே வைத்துக்கொண்டது. ஃப்ராப்பாத்தோ தனியாக வந்தால் ஸ்ட்ராபெரி, ரோஜா, கொஞ்சம் மூலிகை, துவர்ப்பு மிக மெல்லியது. அதையே நேரோ தாவொலா என்ற கனத்த சிசிலித் திராட்சையோடு சேர்த்தால் செரசுவோலோ தி வித்தோரியா. 30 முதல் 50 சதவீதம் ஃப்ராப்பாத்தோ, மீதி நேரோ தாவொலா. 2005இல் அதற்கு இத்தாலியின் உச்ச தரச் சான்றான டிஓசிஜி கிடைத்தது, சிசிலியில் அந்தச் சான்று வாங்கிய ஒரே ஒயின் அதுதான். நீங்கள் தேடும் லேசு வேண்டுமென்றால் லேபிளில் ஃப்ராப்பாத்தோ என்று தனியாக இருப்பதையே எடுங்கள்.

செரசுவோலோ என்ற சொல்லில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. செரசா என்றால் தெற்கத்திய வழக்கில் செர்ரி. செர்ரி நிறம் என்ற பொருளில் நடு இத்தாலியின் அப்ருட்ஸோவிலும் ஒரு செரசுவோலோ இருக்கிறது, செரசுவோலோ தப்ருட்ஸோ, அது சிவப்பே இல்லை, மோந்தேபுல்ச்சானோ திராட்சையில் செய்த ஆழ்ந்த நிற ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின். அருமையான பொருள், மீன் வறுவலுக்கு அடிதூள், ஆனால் சிவப்பு ஒயின் என்று நினைத்து வாங்கி வந்து யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று கடையில் சண்டைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுப் பக்கத்துக்கு வருகிறேன். கார்தா ஏரியின் கிழக்குக் கரையில் பார்தோலினோ, அதிலிருந்து இன்னும் கிழக்கே குன்றுகளில் வால்போலிச்செல்லா. இரண்டிலும் கொர்வீனா, ரொந்தினெல்லா என்ற அதே திராட்சைகள்தான், இரண்டுக்கும் 1968இல்தான் டிஓசி, அதாவது டிஓசிஜிக்கு ஒரு படி கீழான தரச் சான்று, கிடைத்தது. பார்தோலினோ ஏரிக்காற்றும் பனியாறு இழுத்து வந்து போட்ட சரளை மண்ணும் சேர்ந்து இன்னும் மெலிதாக வரும். புளிப்புச் செர்ரி, இலவங்கப்பட்டையின் ஒரு சாயல், 12 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால். பார்தோலினோ சுப்பீரியோரே என்று ஒன்று இருக்கிறது, அது கொஞ்சம் வயதானது, திடம் கூடியது, உங்களுக்கு இப்போது வேண்டாம். கியாரெத்தோ என்றால் அதே ஊரின் ரோஸே.

வால்போலிச்செல்லாவில்தான் மாட்டிக்கொள்வீர்கள், நானே மாட்டியிருக்கிறேன். வந்த முதல் வருடம், ஜூலை மாதம், 34 டிகிரி வெயிலில் தோழர் வீட்டுத் தோட்டத்தில் மதிய விருந்து. வால்போலிச்செல்லா லேசானது என்று யாரோ சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, லேபிளில் அந்தச் சொல்லைக் கண்டதும் இரண்டு பாட்டில் வாங்கிப் போனேன், விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்று மட்டும் தோன்றியது. அது அமரோனே தெல்லா வால்போலிச்செல்லா. பறித்த பழத்தை மூன்று நான்கு மாதம் காயவைத்து, கிட்டத்தட்ட உலர்திராட்சையாக்கிப் பிறகு பிழிந்தது, ஆல்கஹால் குறைந்தபட்சமே 14 சதவீதம், பல பாட்டில்கள் 16ஐத் தொடும். தக்காளிச் சாலடுக்கும் வெள்ளரிக்கும் நடுவே அதைக் கொண்டுபோய் வைத்தேன். தோழரின் அம்மா லேபிளைப் பார்த்துவிட்டு, இதை டிசம்பரில் குடிப்போம் மகனே என்று சொல்லி எடுத்து உள்ளே வைத்துவிட்டார். டிசம்பரில் கூப்பிடவும் செய்தார்.

எனவே அந்தக் குன்றின் ஒயினில் நான்கு படி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வால்போலிச்செல்லா, உங்களுக்கானது இதுதான். வால்போலிச்செல்லா சுப்பீரியோரே, ஒரு வருடம் கூடுதலாக வைத்தது, ஆல்கஹால் ஒரு படி கூட. ரிப்பாஸ்ஸோ, அமரோனே பிழிந்த சக்கையின் மேல் இந்த ஒயினை மறுபடி ஊற்றி எடுத்தது, கனமும் ஒரு இனிப்புச் சாயலும் ஏறியது. அப்புறம் அமரோனே. கிளாஸிகோ என்ற சொல் மட்டும் கனத்தைப் பற்றியது இல்லை, அந்தப் பகுதியின் பழைய மூலக் கிராமங்களிலிருந்து வந்தது என்று மட்டும் பொருள். வால்போலிச்செல்லா கிளாஸிகோ என்று இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

இதையே லேபிள் படிப்பதற்கான பொது வழியாக நீட்டிக்கொள்ளலாம். ரிசெர்வா, சுப்பீரியோரே, அப்பாஸ்ஸிமென்தோ, பஸ்ஸீத்தோ, பரீக் என்ற சொற்களைப் பார்த்தால் பாட்டிலைத் திரும்ப வைத்துவிடுங்கள். இவை ஒவ்வொன்றும் வயது, ஆல்கஹால், உலர்ந்த பழம், மரப்பீப்பாய் என்று ஏதோ ஒரு கனத்தைச் சொல்கின்றன. பின்லேபிளில் சதவீதத்தைப் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி முழு எண்ணாகவோ அரையாகவோதான் அதை அச்சிடலாம், அரைப் புள்ளி வரை கூடக் குறையவும் அனுமதி உண்டு, எனவே 13 என்று போட்டிருந்தால் அது 13.5ஆகவும் இருக்கலாம். நான் 12.5இல் கோடு போட்டுக்கொள்வேன். அடுத்தது அறுவடை ஆண்டு. லேசான சிவப்பு ஒயின் காத்திருந்து மேம்படுகிற சாதி இல்லை, மூன்று வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். ஐந்து வருடம் பழைய பார்தோலினோவைத் தள்ளுபடி விலையில் அடுக்கியிருந்தால், பழையது நல்லது என்று எடுத்துவிடாதீர்கள், கடைக்காரர் அலமாரியைக் காலி செய்கிறார். கார்க்குக்குப் பதில் திருகு மூடி இருந்தால் முகம் சுளிக்க வேண்டியதில்லை, இந்த வகைக்கு அதுவே நல்லது. பாட்டில் கனமாக, அடியில் ஆழமான குழியோடு இருந்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன். இது விதியில்லை, பெட்டி தூக்கிய முதுகின் அனுபவம்.

பியெமான்டேயில் உங்களை மறுபடி ஏமாற்றக் காத்திருக்கும் ஒன்று இருக்கிறது, அதன் பெயர் கிரினியோலினோ. அஸ்தி, மொன்ஃபெர்ராத்தோ பக்கத்துப் பழைய திராட்சை. கிரினியோலே என்றால் அந்த ஊர்ப் பேச்சில் கொட்டைகள், அதிலிருந்துதான் பெயர் என்கிறார்கள். சாதாரணத் திராட்சையைவிட இதில் கொட்டை அதிகம், முன்பே சொன்னபடி கொட்டையில் இருப்பது துவர்ப்பு. எனவே ரோஸே என்று சொல்லிவிடலாம் போன்ற நிறம், சிவப்பு மிளகும் காட்டு ஸ்ட்ராபெரியுமாக வாசம், வாயில் வைத்தால் சுருக்கென்று பிடிக்கும் துவர்ப்பு. பரோலோ அளவுக்கு இல்லை, உடம்பும் மெலிது, ஆனால் ஈறை இழுக்கும். அதனால் முதல் பாட்டிலாக இதை வாங்காதீர்கள், ஐந்தாவது பாட்டிலாக வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கான பன்றி இறைச்சித் துண்டுகளோடு குடிக்கும்போது அந்தத் துவர்ப்பு வாயைக் கழுவிவிடுகிற அழகைப் பார்த்தால் அந்த ஊர்க்காரர்கள் இதை ஏன் விடவில்லை என்று தெரியும். எனக்கு இப்போது பிடித்த ஒயின்களில் ஒன்று, பிடிக்க நான்கு வருடம் ஆனது. எட்னா எரிமலையின் நெரெல்லோ மஸ்கலேசேயும் கலாப்ரியாவின் காலியொப்போவும் இதே மாதிரி வெளிறிய நிறத்தில் வந்து பிடிக்கிறவைதான், ஆல்கஹாலும் கூட. ஜாக்கிரதை.

அதே பியெமான்டேயில், பரோலோ விளையும் கிராமங்களில் ஒன்றான வெர்தூனோவில் பெலாவெர்கா என்று ஒன்று செய்கிறார்கள். 1995இல் டிஓசி வாங்கியது, மிகச் சின்ன இடம், அதனால் எல்லாக் கடையிலும் இருக்காது. மூக்கைக் கிளாஸில் விட்டால் வெள்ளை மிளகு. பொடித்த மிளகு என்று சொல்வது உபசாரத்துக்கு இல்லை, நிஜமாகவே அந்த வாசம். வெண்பொங்கலுக்கு மிளகு தாளிக்கும்போது வருமே, அதில் நெய்யை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது. கிடைத்தால் விடாதீர்கள். லிகூரியாவின் ரொஸ்ஸேசே தி தொல்ச்செஆக்குவாவும் இதே ரகம், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய மலைச்சரிவு, 1972இல் அந்த மாகாணத்தில் முதலில் டிஓசி வாங்கியது, நல்ல செய்கை, கொஞ்சம் விலை.

கடைசியாக நுரைக்கும் சிவப்பு. லம்ப்ரூஸ்கோ என்றதும் முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் 1970, 80களில் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியான இனிப்புச் சரக்கின் நினைவில் பேசுகிறவர்கள். லம்ப்ரூஸ்கோவும் ஒரே திராட்சை இல்லை. கிராஸ்பரோஸ்ஸா என்றால் கறுப்பு, கனம், துவர்ப்பு. சொர்பாரா என்றால் மொதெனாவுக்கு வடக்கே விளைவது, வெளிறிய மாதுளை நிறம், துவர்ப்பு கிட்டத்தட்ட இல்லை, புளிப்போ எலுமிச்சை பிழிந்த மாதிரி. இந்தக் கொடியின் பூக்கள் தனியாக நன்றாகக் காய் பிடிக்காது, மகரந்தத்துக்காகப் பக்கத்தில் சலமீனோ என்ற உறவுக்காரக் கொடியை நட்டே ஆக வேண்டும், அப்படியும் கொத்து ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும். லேபிளில் செக்கோ என்று இருப்பதை எடுங்கள், அதாவது இனிப்பில்லாதது. அமாபிலே, தோல்ச்சே என்றால் இனிப்பு. மொதெனா, பொலோனியா பக்கத்தில் மோர்த்ததெல்லா என்ற பன்றி இறைச்சிச் சாசேஜ், வறுத்த ரொட்டி, பன்றிக் கொழுப்பு என்று எல்லாமே பிசுக்கு, அந்தப் பிசுக்கை ஒவ்வொரு மடக்குக்கும் அறுத்துவிடுவதுதான் இந்த ஒயினின் வேலை.

சரி, குடிப்பது. முதல் விஷயம், குளிர வையுங்கள். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்ற உபதேசம் அடுப்புக் கணப்பு மட்டும் இருந்த கல்வீடுகளின் காலத்தது. உங்கள் மிலான் வீட்டில் ஜூலையில் அறை வெப்பம் 28, 30. அந்தச் சூட்டில் எந்த ஒயினும் ஆல்கஹால் நெடிதான் அடிக்கும், பழவாசம் வெந்துபோகும். இந்த வகைக்கு 12 முதல் 14 டிகிரி போதும். ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைத்துவிட்டு, எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ஊற்றுங்கள். அவசரமென்றால் வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் விட்டு ஒரு பிடி உப்பைப் போட்டு அதில் பாட்டிலைக் கழுத்துவரை இறக்குங்கள், கால் மணி நேரத்தில் வேலை முடியும், தண்ணீர் விடாமல் வெறும் ஐஸில் வைத்தால் நேரம்தான் போகும். கியான்டியை இப்படிக் குளிர வைத்துப் பார்த்து, ஐயோ இன்னும் மோசமாகிவிட்டதே என்று சொன்னால் ஆச்சரியமில்லை, குளிர்ச்சி துவர்ப்பை எடுத்துக்காட்டும். துவர்ப்பு குறைந்ததால்தான் இவற்றுக்குக் குளிர்ச்சி ஒத்துவருகிறது.

பெரிய பலூன் கிளாஸ் வேண்டாம். இங்கே கிராமத்துக் கடைகளில் தண்ணீர் குடிக்கிற டம்ளரில்தான் ஊற்றித் தருகிறார்கள். வெனிஸில் நின்றபடி குடிக்கும் சின்னக் கிளாஸ் ஒயினுக்கு ஓம்ப்ரா என்று பெயர், நிழல் என்று பொருள். சதுக்கத்தில் மணிக்கூண்டின் நிழல் நகர நகர ஒயின்காரர்களும் வண்டியை நகர்த்தினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, நிழலில் வைத்துக் குடி என்ற அறிவுரை மட்டும் சரி.

உணவில் இந்த ஒயின்களுக்கு நல்ல இடம் இருக்கிறது, முக்கியமாக நம் சமையலுக்கு. காரமும் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும், காரமும் ஆல்கஹாலும் சேர்ந்தால் இன்னும் எரியும், எனவே கனத்த சிவப்பு ஒயினை நம் குழம்போடு வைப்பது இரண்டுக்கும் அவமானம். இன்னொன்று, சாப்பாட்டின் புளிப்பு ஒயினின் புளிப்பைவிட அதிகமாக இருந்தால் ஒயின் சப்பென்று போகும். புளிக்குழம்பு முன்னால் பார்தோலினோகூடத் தாங்காது, சொர்பாரா மட்டும்தான் நிற்கும், அதன் புளிப்பு அப்படி. சிசிலியில் சூரை மீனோடு ஃப்ராப்பாத்தோ குடிக்கிறார்கள், மீனுக்கு வெள்ளை ஒயின்தான் என்ற கட்டளையை அங்கே யாரும் மதிப்பதில்லை; நான் வீட்டில் சூரையை மிளகாய்த்தூள் தடவி வறுத்து அதே ஒயினோடு சாப்பிடுகிறேன். ஸ்கியாவாவுக்கு அதன் ஊரில் புகையூட்டிய பன்றி இறைச்சியும் ரொட்டி உருண்டையும், இலையுதிர்காலத்தில் சுட்ட செஸ்ட்நட்டும். நம் பக்கத்தில் தேடினால் பருப்பு வடை, மசாலா அதிகம் போகாத கோழி வறுவல். பிட்ஸாவுக்கு வெறும் வால்போலிச்செல்லா. திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் நிற்க வைத்தால் இரண்டு நாள், மிஞ்சிப்போனால் மூன்று நாள் தாங்கும். லம்ப்ரூஸ்கோ மறுநாளே நுரை போய்விடும், அன்றைக்கே முடித்துவிடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், இந்த வாரம் ஒரு சாந்தா மத்தலேனாவும் ஒரு வெறும் பார்தோலினோவும் வாங்கி, இரண்டையும் குளிர வைத்து, வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் குடியுங்கள். அடுத்த வாரம் ஃப்ராப்பாத்தோ. அப்புறம் சொர்பாரா. சூப்பர்மார்க்கெட்டில் பார்தோலினோவும் லம்ப்ரூஸ்கோவும் எளிதாகக் கிடைக்கும், மற்றதற்கு எனோதேகா என்று பலகை போட்ட ஒயின் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே இத்தாலியன் சரியாக வராவிட்டாலும் போகோ தன்னீகோ என்று சொல்லுங்கள், துவர்ப்பு குறைவாக என்று பொருள், எந்தக் கடைக்காரருக்கும் புரியும். சொர்பாராவில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் தடவை நொதிக்கவிட்டது என்று எழுதியிருந்தால் அடியில் வண்டல் இருக்கும், கெட்டுப்போனதில்லை, குலுக்காமல் ஊற்றினால் போதும். அதை மட்டும் நன்றாகக் குளிர வைத்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் பிடித்துத் திறங்கள். என் சமையலறைக் கூரையில் இளஞ்சிவப்பாக ஒரு கறை மூன்று வருடமாக இருக்கிறது, வீட்டுக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.